ஊசியில் வருவது என்ன என்று மாட்டுக்காரனுக்கும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரபணுத் திருத்தம் செய்த மாடு, பன்றி, கோழி பற்றி உங்கள் பத்திரிகையின் விவசாயப் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு தரம் படித்தேன். விளங்காமல் இல்லை. என் தொழிலைப் பற்றிய கட்டுரையில் என்னைப்போல ஒருவன் எங்கேயாவது வருகிறானா என்று தேடித்தான் இரண்டாம் தரம் படித்தேன். விஞ்ஞானி வருகிறார், அமைச்சு வருகிறது, நுகர்வோர் வருகிறார்கள், மாட்டுக்காரன் கடைசிப் பந்தியில் "பயனடைவான்" என்ற ஒரு சொல்லோடு வந்து போகிறான். அந்த ஒரு சொல் தந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். நீண்டுவிட்டால் வெட்டுங்கள், ஸ்ட்ரோ (காளை விந்து அடைத்து வரும் குழாய்) பற்றி எழுதும் இடத்தை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் வன்னியில் முத்தையன்கட்டுப் பக்கம். 11 கறவை, அதைவிட அப்பு காலத்தில் இருந்து வரும் நாட்டு மாட்டுப் பட்டி ஒன்று, 40 உருப்படிக்குக் கிட்ட. மகள் அறிவியல் நகரில் விவசாய பீடத்தில் படிக்கிறாள். இந்தக் கடிதத்தில் வரும் விஞ்ஞானம் எல்லாம் அவள் வார இறுதியில் வந்து கொட்டிலுக்குள் நின்று சொல்லித்தந்தது, பிழை இருந்தால் அது என்னுடையது. (நாங்கள் பள்ளிக்கூடத்தில் பரம்பரையலகு என்று பாடமாக்கியதைத்தான் இப்போது மரபணு என்கிறார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது.)

காணி உறுதியை வைத்துத்தான் அவள் விளங்கப்படுத்தினாள். மீள்குடியேறி வந்த நாளில் இருந்து உறுதி, பெர்மிட், நிலஅளவைப் படம் என்று கந்தோர் கந்தோராக அலைந்த ஆட்கள் நாங்கள், ஆனபடியால் உடனே பிடிபட்டுவிட்டது. முந்தி மரபணு மாற்றம் என்றால் வேறொருவரின் உறுதியில் இருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து இதற்குள் ஒட்டுவது. அமெரிக்காவில் 2015 இல் அனுமதி பெற்ற சல்மன் மீன் அந்த வகை, சீக்கிரம் வளரவேண்டும் என்று வேறு இரண்டு மீன்களின் துண்டுகளை அதற்குள் வைத்திருந்தார்கள். திருத்தம் என்றால் அதே உறுதியில் ஒரு எழுத்தைச் சுரண்டுவது, அல்லது ஒரு சொல்லை மாற்றி எழுதுவது. ஜெனிபர் டவுட்னா, இமானுவேல் சார்பென்டியே என்ற இரண்டு விஞ்ஞானிகள் 2012 இல் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியைக் காட்டிய பிறகு இந்தச் சுரண்டல் மலிவாகவும் சுலபமாகவும் போய்விட்டது, 2020 இல் அவர்களுக்கு இரசாயனவியல் நோபல் பரிசும் கிடைத்தது. "ஒரு எழுத்துத்தானே அப்பா" என்றாள். எழுத்து ஒன்று மாறிக் காணி கைமாறின கதை எங்கள் ஊரில் எத்தனை இருக்கு பிள்ளை என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் புல்லு வெட்டப் போய்விட்டாள்.

நான் இதற்கு எதிரி இல்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன். கன்றின் கொம்புக்குருத்தைக் காய்ச்சின இரும்பால் சுடும்போது அது கத்துகிற கத்தலைக் கேட்டவன் கொம்பு முளைக்காத கன்று வேண்டாம் என்று சொல்லமாட்டான். காலிலும் வாயிலும் புண் வைக்கும் கால்-வாய் நோய் பிடிக்காத மாடு ஒன்றைக் காட்டுங்கள், இரண்டு கையாலும் கையெழுத்து வைக்கிறேன். 2020 இல் தோல் கழலை நோய் வடக்குக்குள் வந்தபோது, உடம்பெல்லாம் கட்டி கட்டியாய் வீங்கி நின்ற கறவைகளுக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிக்கொண்டு விடிய விடிய நின்றவர்கள் நாங்கள். 2021, 2022 இல் பால்மாவுக்கு வரிசையில் நின்றதையும் மறக்கவில்லை, நல்ல மாடு நாட்டுக்கு வேண்டும் என்பதில் எனக்கும் அமைச்சுக்கும் சண்டை கிடையாது. என் கேள்வி வேறு. அந்தத் திருத்தம் என் கொட்டிலுக்குள் வரும்போது எனக்குச் சொல்லிவிட்டு வருமா?

வராது என்று நினைக்கக் காரணம் இருக்கிறது. மாடு பருவத்துக்கு வந்து கத்தினால், காளைக்குப் பதிலாகச் சினை ஊசி போடுகிற ஊசிக்காரத் தம்பிக்குப் போன் பண்ணுவோம். மோட்டார் சைக்கிளில் பின்னுக்குக் கட்டின நைதரசன் பிளாஸ்க்கோடு வருவார். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை வழியும். சைபருக்குக் கீழே 196 பாகைக் குளிரில் கிடக்கிற ஸ்ட்ரோ ஒன்றை இடுக்கியால் எடுத்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை நிமிடம் போல வைத்து, துடைத்து, நுனியைக் கத்தரித்து, துப்பாக்கி என்று அவர்கள் சொல்லும் கம்பியில் ஏற்றி, தோள்மட்டும் உறை போட்ட கையோடு வேலையை முடிப்பார். எல்லாம் பத்து நிமிடம். வெறும் ஸ்ட்ரோ சாணிக்குள் விழும். ஈர்க்கை விடக் கொஞ்சம் தடிப்பான பிளாஸ்ரிக் குழாய் அது, அதன் மேல் எறும்பு ஊர்ந்தது மாதிரிச் சின்ன எழுத்தில் காளையின் இலக்கம், இனம், திகதி எல்லாம் அடித்திருக்கும். அதை எடுத்துக் கழுவி வெளிச்சத்தில் பிடித்து வாசிக்கிற ஆளை நான் ஊரில் கண்டதில்லை. நானும் வாசித்ததில்லை, சிவப்பி சாகும்வரை.

சிவப்பி சிந்திக் கலப்பு, சின்ன உடம்பு, தலைக்கன்று. சின்ன இனம் என்று ஜேர்சி போடச் சொன்னேன், அட்டையிலும் ஜேர்சி என்றுதான் எழுதினார்கள். நோவு எடுத்தது இரவு 9 மணிக்கு. முன்னங்கால் இரண்டும் மூக்கு நுனியும் தெரிந்தது, பிறகு அசையவில்லை. மச்சானும் நானும் கன்றின் காலில் கயிறு போட்டு, அவள் முக்குகிற நேரம் பார்த்து இழுத்தோம், தேங்காய் எண்ணெய் ஒரு போத்தல் முடிந்தது, கை வழுக்கி மச்சான் இரண்டு தரம் சாணிக்குள் மல்லாக்க விழுந்தான், ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. மிருக வைத்தியருக்கு எடுத்தால் அவர் வேறொரு ஊரில் வேறொரு மாட்டோடு நிற்கிறார். அவரைக் குறை சொல்ல ஏலாது, ஒரு ஆள் எத்தனை இடத்துக்கு ஓடுவது. விடியத்தான் வந்தார். கன்று செத்துத்தான் வெளியே வந்தது. அவ்வளவு பெரிய தலை. கறுப்பு, வயிற்றிலும் நெற்றியிலும் வெள்ளை. ஜேர்சிக்கு எங்கே இருந்து அந்த நிறம்? அது பெரிய இனமான பிரீசியனின் நிறம். சிவப்பி பின்னங்கால் ஊன்றி எழும்பவே இல்லை, மூன்றாம் நாள் முடிந்துவிட்டது.

பிறகு ஊசி போட்டவரைக் கண்டு கேட்டேன். "அண்டைக்குப் பிளாஸ்க்கிலை எது இருந்ததோ தெரியேல்லை ஐயா, உதெல்லாம் பெரிசாப் பாக்கிறேல்லை" என்றார். பொய் சொல்லவில்லை அந்தத் தம்பி. எனக்கு அதுதான் கூடப் பயத்தைத் தந்தது.

சிவப்பியைக் கொன்றது மரபணுத் திருத்தம் இல்லை, சாதாரண விந்து, ஆள் மாறி வந்தது, அவ்வளவுதான். ஆனால் பாருங்கள், அதில் எனக்குக் கறுப்பும் வெள்ளையும் என்ற ஒரு அடையாளமாவது கிடைத்தது. உறுதியில் திருத்தின ஒற்றை எழுத்தை நான் எந்தக் கண்ணால் காண்பது? ஆய்வுகூடத்தில் பார்த்தால் தெரியாதா என்று மகளிடம் கேட்டேன். எந்த இடத்தில் தேடவேண்டும் என்று முதலே தெரிந்தால் அந்த மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கலாமாம், ஆனால் அது இயற்கையில் தானாக வந்ததா, மனிதன் செய்ததா என்று சின்னத் திருத்தங்களில் பிரித்துச் சொல்ல முடியாதாம். அப்படியென்றால் சோதனைக் குழாயை நம்பி இதைக் கட்டுப்படுத்த ஏலாது. செய்தவன் தொடக்கத்திலேயே எழுதி, அந்த எழுத்து ஸ்ட்ரோவோடு கூடவே வந்தால்தான் உண்டு.

இந்த நாட்டில் எழுத்துக்குக் குறைவா? இரண்டு மாட்டை மாங்குளத்தில் இருந்து புளியங்குளத்துக்கு லொறியில் ஏற்றிப் பாருங்கள், எத்தனை கடிதம் கேட்பார்கள் என்று. உரித்துக்குக் கடிதம், சுகத்துக்குக் கடிதம், ஏற்றிப்போக அனுமதி. ஒன்று குறைந்தாலும் மாடும் லொறியும் பொலிஸ் முற்றத்தில். பிளாஸ்க்குக்குள் வருகிற காளைக்கு மட்டும் கொட்டில் வாசலில் ஒரு கேள்வியும் இல்லை. கடையில் விற்கிற உணவுக்குக்கூட ஒரு ஒழுங்குவிதி இருக்கிறது, மரபணு மாற்றிய உணவை அனுமதி இல்லாமல் இறக்கவோ லேபல் இல்லாமல் விற்கவோ கூடாது என்று 2007 ஜனவரியில் இருந்து. மரபணு மாற்றிய உயிர்கள் நாடு விட்டு நாடு போவதைப் பற்றிய கார்த்தஹேனா உயிரியல் பாதுகாப்பு நெறிமுறையை 2004 இல் ஏற்றுக்கொண்ட நாடு இது. 1992 இல் வந்த விலங்கு நோய்கள் சட்டம் இருக்கிறது, பெயரிலேயே தெரியும், அது நோயைப் பார்க்கிற சட்டம். உயிரியல் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டம் வருகிறது வருகிறது என்று பல வருடமாகக் கேள்விப்படுகிறோம். வரும்போது அதற்குள் மாட்டுக்கொட்டிலுக்கும் ஒரு வாசல் வையுங்கள் என்பதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எழுதி வைக்கச் சொல்வதோடு, எழுதினதைத் திறந்து பார்க்க ஒரு வெளியாளும் வேண்டும். அதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு காளையின் கதையே போதும். ஹொல்ஸ்டைன் என்பது பால் கூடின இனம், கொம்பு உள்ளது. அங்கஸ் என்ற இறைச்சி மாட்டுக்கு இயற்கையிலேயே கொம்பில்லை. அந்தக் கொம்பில்லாத எழுத்தை ஹொல்ஸ்டைனுக்குள் எழுதி 2015 இல் இரண்டு காளைக் கன்றுகளை ஒரு நிறுவனம் பிறப்பித்தது. ஒன்றின் பெயர் புரி. பத்திரிகைகளில் படம் வந்தது, வேறு ஒன்றும் மாறவில்லை, சுத்தமான திருத்தம் என்று சொன்னார்கள். 2019 இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்து ஆட்கள் அதே தரவை எடுத்து வேறு விதமாகத் தேடிப் பார்த்தால், திருத்தம் செய்யப் பாவித்த பக்டீரியாவின் துண்டு ஒன்று காளையின் மரபணுவுக்குள் அப்படியே ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, அதற்குள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்கு அடங்காத எழுத்துகளும் சேர்ந்தே. புரியின் கன்றுகள் சிலவற்றுக்கும் அது போயிருந்தது. காளை சுகமாகத்தான் இருந்தது, நோய் நொடி ஒன்றும் இல்லை, அதையும் சொல்லவேண்டும். பிறேசிலில் அந்தப் பரம்பரையை வளர்க்க இருந்த திட்டம் கைவிடப்பட்டது. நிறுவனம் ஒளித்ததாக நான் சொல்லவில்லை. அவர்கள் அந்தப் பக்கம் தேடவில்லை, தேடாததால் காணவில்லை. வெளியே இருந்து ஒரு அரசாங்க ஆள் சந்தேகத்தோடு பார்த்ததால்தான் வெளியே வந்தது. எங்கள் நாட்டில் அந்த ஆள் யார்? (அமெரிக்காவில் வேடிக்கை என்னவென்றால், இப்படித் திருத்தின மாட்டை மாட்டு மருந்துக்கான சட்டத்தின் கீழ்தான் பார்க்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் அந்தக் கன்றுக்குள் இருக்கும் எழுத்து ஒரு மருந்து. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், மருந்து என்றால் யாரோ ஒருவர் பொறுப்பாகக் கையெழுத்து வைக்கவேண்டும் அல்லவா.)

மற்ற நாடுகள் இதில் ஆளுக்கொரு வழி. ஆர்ஜென்டினா 2015 இலேயே பயிர்களுக்கு விதி எழுதிவிட்டது, அதே வழியில் விலங்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, புதிய மரபணுச் சேர்க்கை இல்லை என்றால் சாதாரண மாடுதான் என்று விட்டுவிடும். ஐரோப்பிய நீதிமன்றம் 2018 இல் திருத்தமும் மாற்றமும் ஒன்றுதான் என்று தீர்ப்புச் சொன்னது. ஜப்பானில் சதை கூடின கடல் மீனை 2021 இல் அறிவித்துவிட்டு விற்கத் தொடங்கினார்கள். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் இந்தியா 2022 இல் பயிர்களுக்கு விதியைத் தளர்த்தியது, 2025 இல் காஷ்மீரில் திருத்தின ஆட்டுக்குட்டி ஒன்றையும் காட்டினார்கள்.

இதில் பல நாடுகள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இந்த மாற்றம் இயற்கையில் தானாக வந்திருக்கக்கூடியதா? ஆம் என்றால் கதவு பாதி திறந்துவிடும். எனக்கு இந்தக் கேள்வி போதாது. காஷ்மீர்க் குட்டியில் தொட்டது மயோஸ்ரற்றின் என்ற மரபணு, சதை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுவது அதுதான், அதை முடக்கினால் சதை வைக்கும். பெல்ஜியத்தில் நீல மாடு என்று ஒரு இனம் இருக்கிறது, அதில் இதே மரபணு இயற்கையிலேயே உடைந்து கிடக்கிறது. படத்தில் பார்த்தேன், மாடு இல்லை, மல்யுத்தக்காரன். அந்த இனத்துப் பசுக்களில் கிட்டத்தட்ட எல்லாமே வயிற்றை வெட்டித்தான் கன்று ஈனுகின்றன. பெல்ஜியத்தில் அதற்கு வைத்தியர் வருவார், பண்ணைக்கு வந்து வெட்டித் தைத்துவிட்டுப் போவார். ஒட்டுசுட்டானில் இரவு 9 மணிக்கு யார் வருவார்? சிவப்பிக்கு வந்தது எல்லாம் இயற்கைதான், இயற்கையான விந்து, இயற்கையான கன்று, இயற்கையான சாவு. ஆனபடியால் எங்கள் சட்டம் கேட்கவேண்டியது வேறு கேள்வி. இந்த மாடு வன்னியில் கன்று போடுமா? இந்தப் புல்லில், இந்தத் தண்ணீரில், வைத்தியர் 30 கிலோமீற்றருக்கு அப்பால் நிற்கிற இரவில்? இங்கிலாந்தின் 2023 ஆம் ஆண்டுச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு இடம் உண்டு, இந்தத் திருத்தத்தால் அந்த விலங்குக்கோ அதன் சந்ததிக்கோ கேடு வரும் என்று எதிர்பார்க்கவில்லை என்று கொண்டுவருபவர் எழுதிக்கொடுக்கவேண்டுமாம். அப்படி எழுதின நாடே பயிர்களுக்கு முதலில் கதவைத் திறந்துவிட்டு விலங்குகளைப் பின்னுக்கு வைத்திருக்கிறது.

வெயில் தாங்கும் மாட்டை எடுங்கள். கரிபியன் தீவுகளில் செனபோல் என்று ஒரு மாடு, மயிர் கட்டையாய் மினுமினுவென்று இருக்கும், வெக்கையைத் தாங்கும். அந்த எழுத்தை வேறு இறைச்சி மாடுகளுக்குள் எழுதினார்கள், ஆபத்துக் குறைவு என்று அமெரிக்கா 2022 மார்ச்சில் விட்டுவிட்டது. வைகாசி வெயிலில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிற நாளில் என் பிரீசியன் கலப்பு வாயில் நுரை தள்ளிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிற எனக்கு இந்த மாட்டில் ஆசை வராமல் இருக்குமா, வந்தது. அப்புறம் 2022 டிசம்பர் ஞாபகம் வந்தது. மாண்டஸ் புயல் நேரம், மழையும் ஊதல் காற்றும் சேர்ந்து அடித்த அந்தக் குளிரில் வன்னி முழுக்க நூற்றுக்கணக்கில் மாடும் ஆடும் செத்தன. வாழ்க்கையில் அப்படி ஒரு குளிரை நான் கண்டதில்லை. பட்டியில் நாலு போனது எனக்கு. விடிய டோர்ச்சோடு போனால் வேலியோரம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நின்ற மாடுகளுக்குள், நடுவில் நின்றது தப்பிவிட்டது, ஓரத்தில் நின்றது விறைத்துப்போய் நின்ற நிலையிலேயே சாய்ந்து கிடந்தது. மயிர் கட்டையான மாடு அந்த இரவில் என்ன செய்திருக்கும்? தெரியாது. யாராவது நனைய விட்டுப் பார்த்துச் சொல்லட்டும், அதற்குத்தான் சோதனைப் பண்ணை. வெளிநாட்டுப் பண்ணையில் பார்த்தது போதும் என்று கையெழுத்து வைக்காதீர்கள், இங்கே மாரியில் ஒரு காலபோகமும் கோடையில் ஒரு சிறுபோகமும் நின்று பார்க்கட்டும், கூரை இல்லாத பட்டியில்.

பட்டி என்றதும் இன்னொன்று. அமெரிக்க மாடு கம்பி வேலிக்குள் நிற்கும். எங்கள் மாடு அப்படியா? காலபோகம் விதைத்தால் காட்டுக்கரைக்குச் சாய்த்துக்கொண்டு போவோம், அரிவு வெட்டு முடிந்தால் தாள் வயலுக்கு இறக்குவோம், மேய்ச்சல் தரை என்று ஒன்றை ஒதுக்கித் தாருங்கள் என்று கேட்டுக் கேட்டு ஒரு தலைமுறை கிழடாகிவிட்டது. நாலு ஊர்ப் பட்டி ஒரு குளக்கட்டில் தண்ணி குடிக்கும். எந்த நாம்பன் காளை எந்த நாகுப் பசுவில் ஏறினது என்று முருகனுக்குத்தான் வெளிச்சம். இதற்குள் திருத்தின நாம்பன் ஒன்று இறங்கினால் ஐந்து வருடத்தில் அந்த எழுத்து எத்தனை பட்டிக்குள் போயிருக்கும் என்று யோசியுங்கள். அது நல்ல எழுத்து என்றால் சந்தோஷம். புரியில் நடந்தது போல ஏதோ ஒன்று பிந்தித் தெரியவந்தால்? அமெரிக்காவில் அந்தக் கன்றுகளை எண்ணிக் கட்டிவைத்து உணவுக்குப் போகாமல் தடுக்க முடிந்தது. இங்கே எதைத் தேடிப் பிடிப்பது?

தேடிப் பிடிப்பது பற்றி வன்னியாருக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 2009 இல் யுத்தத்துக்குள் பட்டியை அவிழ்த்துவிட்டுத்தான் போனோம். திரும்பி வந்தபோது காடெல்லாம் கட்டாக்காலி மாடு. எது யாருடையது என்று எப்படிக் கண்டுபிடித்தோம்? குறி. அப்பு சுட்ட குறி, வலது தொடையில், கம்பியை வளைத்து அவரே செய்த எழுத்து. 60 மாட்டில் மூன்றைத்தான் கண்டேன், அதில் ஒன்று கன்றோடு. குறி மங்கிப்போய்த் தோலோடு தோலாக இருந்தது, தண்ணி தெளித்துக் கையால் தடவித்தான் வாசித்தேன். இன்றைக்கு நிற்கிற பட்டி அந்த மூன்றின் வழி. ஆனபடியால் குறி என்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. திருத்தின விலங்குக்கும் அதன் விந்துக்கும் ஒரு குறி வேண்டும், காதுத் தோட்டில் தனி நிறமோ, ஸ்ட்ரோவில் தனி எழுத்தோ, அதை அவர்கள் தீர்மானிக்கட்டும். தமிழில் இருக்கவேண்டும், சிங்களப் பகுதிக்குச் சிங்களத்தில். ஊசி போட முதல் மாட்டுக்காரனிடம் வாயால் சொல்லி, அட்டையில் எழுதி, கையெழுத்து வாங்கவேண்டும். வேண்டாம் என்றால் வேறு ஸ்ட்ரோ பிளாஸ்க்கில் இருக்கவேண்டும். அடுத்த தலைமுறைக் கன்றை விற்கும்போதும் அந்த எழுத்து கூடவே போகவேண்டும். லொறிக்கு மூன்று கடிதம் கேட்கிற நாட்டுக்கு இது ஒரு பாரமா?

கோழியைப் பற்றி ஒரு சொல். எடின்பரோவில் டோலி ஆட்டைப் படியெடுத்த அதே ரொஸ்லின் நிறுவன ஆட்கள் 2023 இல் பறவைக் காய்ச்சலுக்கு எதிராகக் கோழியின் ஒரு மரபணுவைத் திருத்தினார்கள். சாதாரண அளவு வைரசுக்கு 10 கோழியில் 9 தப்பின. அளவை ஆயிரம் மடங்கு கூட்டினபோது பாதிக்குப் பிடித்தது, பிடித்ததற்குள் வைரஸ் தானும் மாறத் தொடங்கிவிட்டது. அதை அவர்களே வெளியே சொன்னார்கள், ஒரு எழுத்துப் போதாது, இன்னும் திருத்தவேண்டும் என்று. நேர்மை என்றால் அது. ஆனால் பாதித் திருத்தத்தோடு அவசரப்பட்டு யாராவது விற்றால் தடுக்கிற விதி வேண்டும், காரணம் அந்தக் கோழி என் முற்றத்தில் பேரப்பிள்ளைகளோடு திரிகிற கோழி. பன்றியும் அப்படித்தான், 2025 ஏப்ரலில் அமெரிக்கா அனுமதித்த பன்றிக்கு ஒரு வைரஸ் நோய் பிடிக்காது, அதற்காக 2024 இல் இங்கே பரவின ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் பிடிக்காது என்று யாராவது விளம்பரம் போட்டால் நம்பிவிடுவோம். எந்த நோய், எந்த அளவுக்கு என்று எழுதச் சொல்லவேண்டும்.

காசுக்கு வருகிறேன். பிழைத்தால் யார் தருவது? சிவப்பிக்கு யாரும் ஒரு சதம் தரவில்லை, நானும் கேட்கவில்லை, யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. 2017 இல் 5,000 கறவைகளைக் கப்பலில் இறக்கினார்கள், 20,000 கொண்டுவருவதாகத்தான் திட்டம். நோய், சாவு, வங்கிக் கடன் என்று அவற்றை வாங்கின தெற்குப் பண்ணையாளர்கள் முறையிட்டது பத்திரிகைகளில் வந்தது. அவர்கள் பணக்காரப் பண்ணையாளர்கள், சத்தம் போடத் தெரிந்தவர்கள். மூன்று மாடு வைத்திருக்கிற கைம்பெண் யாரிடம் சத்தம் போடுவாள்? திருத்தின விந்தைக் கொண்டுவருகிறவரிடம் முதலே ஒரு வைப்புப் பணம் வாங்கி வையுங்கள். பசுவோ கன்றோ இத்தனை வருடத்துக்குள் அந்தத் திருத்தத்தால் போனால் அதில் இருந்து கொடுங்கள். நிரூபிக்கிற பாரம் மாட்டுக்காரன் தலையில் வேண்டாம், அவனிடம் ஆய்வுகூடம் இல்லை.

கன்று யாருடையது என்பதையும் எழுதிவையுங்கள். 2003 ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டத்தில் விலங்குக்கு ஆக்கவுரிமை (பேட்டன்ற்) கொடுக்க ஏலாது என்று இருப்பதாக மகள் சொன்னாள், நல்லது. சட்டம் மறுத்ததை ஒப்பந்தத்தில் நுழைக்கலாம் அல்லவா, இந்த விந்தில் பிறந்த காளையை இனவிருத்திக்கு விடக்கூடாது, கன்றை விற்றால் பங்கு தரவேண்டும் என்று ஆங்கிலத்தில் எட்டாம் பக்கத்தில். இங்கே வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, மாடு வளர்க்கிற ஆட்கள் பாதிப்பேர், ஈத்துக்கு ஒரு கன்று உனக்கு ஒரு கன்று எனக்கு என்று வாய்ப்பேச்சில் போகிற கணக்கு அது. அதற்குள் மூன்றாவது ஒரு பங்காளி வெளிநாட்டில் இருந்து வந்து குந்தக்கூடாது.

சட்டம் எழுதுகிற ஐயாமாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குழுவில் பேராதனை மிருக வைத்திய பீடத்தார் இருப்பார்கள், இருக்கவேண்டும். அவர்களோடு ஒரு ஊசிக்காரத் தம்பியையும், பட்டி வைத்திருக்கிற ஒருவரையும் கூட்டிவந்து இருத்துங்கள். கூட்டம் கொழும்பில் என்றால் காலைப் பால் கறந்து ஊற்றிவிட்டுத்தான் வெளிக்கிடமுடியும், மத்தியானத்துக்குப் பிறகு வையுங்கள்.

சிவப்பிக்குப் பிறகு நான் ஒரு வேலை செய்கிறேன். ஊசி போட்டு முடிய ஸ்ட்ரோவை வாங்கிக் கழுவி, மாட்டின் பெயரையும் திகதியையும் துண்டில் எழுதிச் சுற்றி, பழைய பால்மா ரின்னுக்குள் போட்டு வைக்கிறேன். 23 சேர்ந்திருக்கிறது. ஊசிக்காரத் தம்பி முதலில் சிரித்தார், இப்போது தானாகவே துடைத்துக் கையில் தருகிறார். வெள்ளைச்சி நேற்றுப் பின்னேரம் கத்தத் தொடங்கிவிட்டாள், நாளைக்குக் காலை அவர் வருவார்.

இப்படிக்கு,
ஒரு பட்டிக்காரன்,
முத்தையன்கட்டு.